பன்னிரண்டாவது கட்டத்தில் மாமா

திருத்தங்கல்,
ஆனி இருபது.

மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய மாமா பெத்தணன் அவர்களுக்கு, தங்கள் மருமகன் மணிமுத்து கைகட்டி நின்று எழுதிக்கொள்வது. (கையைக் கட்டிக்கொண்டு எப்படி எழுதுவது என்று மாரிசெல்வி கேட்பாள். மனதுக்குள் கட்டியிருக்கிறேன்.)

நான் இங்கு நலம், தாங்கள் அங்கு நலமா என்று தொடங்குவதுதான் முறை. நான் நலமாக இல்லை. சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியாமல் பன்னிரண்டு நாளாகச் சாப்பிட்டு வருகிறேன். தாங்களும், அத்தை அய்யம்மாளும், அறுபது உருப்படி ஆடுகளும், ஊரில் யார் வந்தாலும் சும்மா கிடந்து என்னைக் கண்டால் மட்டும் குரைக்கும் நாயும், கோபித்துக்கொண்டு அங்கே வந்து உட்கார்ந்திருக்கும் என் மனைவி மாரிசெல்வியும் நலமாக இருக்க வேண்டுமென்று ஆண்டவனைக் கேட்டுக்கொள்கிறேன். போனில் பேசியிருப்பேன். பதினோரு முறை அடித்தேன். பத்து முறை யாரும் எடுக்கவில்லை. பதினோராம் முறை எடுத்த அத்தை, "அவுக ஆட்டோட போயிருக்காக" என்றார்கள். பின்னாலேயே தாங்கள், "நான் ஆட்டோட போயிருக்கேன்னு சொல்லு" என்று சொன்னது நன்றாகக் கேட்டது. அதனால்தான் கடிதம். தங்களுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, மாரிசெல்விதான் படித்துக் காட்டுவாள் என்பது எனக்குத் தெரியும். ஆகையால் மாரிசெல்வி, உனக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு வரி விடாமல் படி. எனக்குச் சாதகமான இடங்களில் தொண்டையைச் செருமாதே.

மாமா, நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் அச்சகத்தில் வருஷம் முழுக்கப் பட்டாசுப் பெட்டி லேபிள், காலண்டர், கல்யாணப் பத்திரிகை என்று ஓடும். நான் அங்கே பன்னிரண்டு வருஷமாகப் புரூஃப் பார்க்கிறேன். பட்டாசு லேபிளில் எழுத்துப் பிழை வந்தாலும் யாரும் படிப்பதில்லை, கிழித்துத் திரியைப் பற்ற வைத்துவிடுவார்கள். பள்ளிக்கூடத்துச் சுவரில் மாட்டுகிற சார்ட் அப்படியில்லை, நாற்பது பிள்ளைகள் வருஷம் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருக்கும். பழங்கள், பறவைகள், வாகனங்கள் எல்லாம் போட்டு முடித்தாகிவிட்டது. முதலாளி அப்துல் ஹலீம் இந்த சீசனுக்குப் புதிதாக ஏதாவது வேண்டும் என்றார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "செம்மறி ஆட்டுக்கு வயசுக்கு ஒரு பேரு, ஆணுக்கு ஒரு பேரு, பொண்ணுக்கு ஒரு பேரு இருக்கு பாய். எங்க மாமா அதுல யுனிவர்சிட்டி" என்றேன். பெருமையில்தான் சொன்னேன் மாமா. உங்களை வைத்து நான் பெருமைப்பட்டது அதுதான் முதல் தடவை என்று மாரிசெல்வி சொல்லுவாள். அவள் சொல்வதில் தப்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆட்டுக் கிடைக்கு வந்தேன். நீங்கள் ஒவ்வொரு ஆடாகக் காலைப் பிடித்து நிறுத்திப் பேர் சொன்னீர்கள். பால் மறக்காதது பால்குட்டி. அப்புறம் ஆணென்றால் கிடாக்குட்டி, பெண்ணென்றால் பொட்டைக்குட்டி. வளர்ந்தும் இன்னும் குட்டி போடாத பெண் மறி. ஆண் வளர்ந்தால் கிடா, மந்தை பெருகப் பெட்டைகளோடு சேர விடுகிற ஆண் பொலிகிடா. வயிற்றில் குட்டி இருந்தால் சினையாடு, முதல் குட்டி போட்டது தலையீத்தாடு, பல ஈத்து கண்டது தாயாடு, குட்டியே போடாதது மலட்டாடு, கடைசியில் பல் விழுந்த கிழட்டுக் கிடா. பொலிகிடாவைக் காட்டும்போது மட்டும் குரல் இறங்கிப் போயிற்று. பக்கத்து ஊரில் இரவல் வாங்கிய கிடா அது. உங்களுடைய சொந்தப் பொலிகிடா போன கார்த்திகை மழையில் செத்துப்போனது எனக்கு அன்றுதான் தெரியும். மொத்தம் பதினோரு பேர். சார்ட்டில் கட்டம் பன்னிரண்டு. "இன்னும் ஒண்ணு சொல்லுங்க மாமா" என்றேன். "இல்லாத ஆட்டுக்கு எங்கன போய்ப் பேரு வைக்க மாப்ளே?" என்றீர்கள். சரி, பன்னிரண்டாவது கட்டத்தில் மந்தை முழுவதும் நிற்க, நடுவில் கம்பு ஊன்றி நீங்கள் நிற்பது மாதிரி ஒரு படம் என்று முடிவானது. முன்பல் இரண்டு இல்லாததால் வாயை இறுக்க மூடிக்கொண்டு நின்றீர்கள். அத்தை ஓடி வந்து உங்கள் சட்டைக் காலரைச் சரிசெய்தார்கள். என்னோடு வந்திருந்த எங்கள் டிசைனர் சுஃபியான் படம் எடுத்தான். அதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

தப்பு திங்கட்கிழமை நடந்தது. பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது எனக்கு ஒரு குறை தோன்றியது. பெண்ணுக்குக் குட்டிக்கும் ஆட்டுக்கும் நடுவில் மறி என்று ஒரு பருவம் இருக்கிறது, ஆணுக்கு இல்லையே, அது என்ன நியாயம்? எனக்குத் தோன்றியதை உங்களிடம் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால், "அதுவும் கிடாதான், சோலியப் பாருங்க" என்று ஒரு வரியில் முடித்திருப்பீர்கள். நான் கேட்கவில்லை. மறிக்கு முன்னால் 'இளங்கிடா' என்று நானே ஒரு பேரை உண்டாக்கி நாலாவதாகச் செருகிவிட்டேன். படங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. பேர்கள் மட்டும் ஆளுக்கு ஒரு கட்டம் தள்ளி உட்கார்ந்துகொண்டன. மறி படத்துக்குக் கீழே இளங்கிடா. கொம்பு முறுக்கிய கிடாவுக்குக் கீழே மறி. ஏழாவது கட்டத்தில் வயிறு தொங்க நிற்கிற சினையாட்டுக்குக் கீழே பொலிகிடா. இப்படியே தள்ளிக்கொண்டு போய், கடைசியில் இருக்க வேண்டிய 'மந்தை' என்ற சொல் தாளுக்கு வெளியே விழுந்து காணாமல் போயிற்று. பன்னிரண்டாவது கட்டத்தில், கம்பு ஊன்றி, காலர் சரியாக, வாய் மூடி நிற்கிற உங்களுக்குக் கீழே என்ன வந்தது என்பதை நான் மறுபடியும் எழுதப் போவதில்லை. மாரிசெல்வி, நீயும் சொல்லாதே. அதற்கும் கீழே, சின்ன எழுத்தில், 'தகவல் தந்து உதவியவர்: பெத்தணன், ஏழாயிரம்பண்ணை வட்டாரம்' என்று மறக்காமல் போட்டிருந்தேன். நன்றி மறப்பது நன்றன்று என்று படித்தவன் அல்லவா.

இந்தப் பன்னிரண்டு நாளும் நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒவ்வொரு காரணம் சொல்லி வந்தேன். சுஃபியான் கவனிக்கவில்லை என்றேன். அவன், "அண்ணே, புரூஃபுல உங்க கையெழுத்துல்ல இருக்கு" என்றான். சீசன் அவசரம் என்றேன். முதலாளி, "அவசரப்பட்டது நீங்க, பேரு கெட்டது அவரு" என்றார். கண்ணாடி பவர் மாறிவிட்டது என்று கண் டாக்டரிடம் போய்ச் சோதித்தும் பார்த்தேன். பாழாய்ப் போன கண் நன்றாக இருக்கிறதாம். காரணங்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன மாமா. இனி உண்மையைத்தான் சொல்ல வேண்டும், அது மாரிசெல்விக்கும் தெரியாது.

அச்சுக்குப் போவதற்கு முந்தின நாள் புரூஃப் தாளை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? பஸ் நிறுத்தத்து வேப்பமரத்தடியில் நின்று பார்த்தீர்கள். ஒவ்வொரு படமாக விரல் வைத்துப் பார்த்து, "எல்லாம் நம்ம உருப்படிதான், அச்சு அசலா இருக்கு" என்றீர்கள். அப்புறம் எழுத்தின் மேல் விரலை வைத்து, "எழுதியிருக்கிறதையும் ஒருக்க வாசிச்சுக் காட்டுங்க மாப்ளே, மாறிகீறிப் போயிருக்கப் போகுது" என்றீர்கள். நான், "நீங்க சொன்னதை அப்படியேதான் போட்டிருக்கு மாமா, பஸ்ஸு வந்துருச்சு" என்று தாளை மடக்கிவிட்டேன். பஸ் வந்தது உண்மை. ஆனால் அடுத்த பஸ் இருபது நிமிஷத்தில் இருந்தது. வாசித்துக் காட்ட ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. நான் வாசிக்காததற்குக் காரணம் பஸ் இல்லை. பன்னிரண்டு வருஷமாக எத்தனையோ எழுத்தைத் திருத்தியவன், என்னைப் போய் எழுத்தே தெரியாத ஒருவர் திருத்துவதா என்று எனக்குள் ஒரு திமிர். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் அது எனக்குச் சுகமாகத்தான் இருந்தது. இதை எழுதும்போது கூசுகிறது மாமா. யாரும் பக்கத்தில் இல்லை, ஆனாலும் முகத்தைத் தூக்க முடியவில்லை.

அதற்கு அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். தெரிந்தாலும் சொல்கிறேன், சொல்லாவிட்டால் மறைத்த மாதிரி இருக்கும். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து வெள்ளைத்தாய் டீச்சர், நம் ஊர்க்காரர் படம் போட்ட சார்ட் வந்திருக்கிறது என்ற சந்தோஷத்தில், சார்ட்டைச் சரியாகப் பார்க்காமலே விழா வைத்துவிட்டார். உங்களுக்கு நாற்காலி, எனக்குப் பக்கத்து நாற்காலி. உங்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நீங்கள் வாழ்க்கையில் முதல்முறையாகப் பள்ளிக்கூடத்துக்குள் வந்திருப்பதாகச் சொன்னீர்கள், எல்லாரும் கைதட்டினார்கள். நான்தான் அதிகமாகத் தட்டினேன். மூன்றாம் வகுப்பு சுமைராவைக் கூப்பிட்டுச் சார்ட்டைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். அந்தப் பிள்ளை மணி மாதிரி வாசித்தது. மூன்றாவது வரைக்கும் நீங்கள் தலையை ஆட்டினீர்கள். நாலாவதில் ஆட்டுவதை நிறுத்தினீர்கள். ஏழாவதில், "பொலிகிடா" என்று அது கம்பை வைத்துச் சினையாட்டின் மடியைத் தொட்டதும், பின்வரிசையில் ஆடு மேய்க்கிற வீட்டுப் பிள்ளைகள் களுக்கென்று சிரித்தன. பேர்கள் கட்டம் மாறி உட்கார்ந்திருப்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எழுந்து, "நேரமாச்சு, போதும் டீச்சர்" என்றேன். "கடைசிதான் சார் முக்கியம், அய்யா படம் வருது" என்று டீச்சர் என்னை உட்கார வைத்தார். அந்தப் பிள்ளை உங்கள் நெஞ்சில் கம்பை வைத்து, மூச்சைப் பிடித்து, ஒரு எழுத்து விடாமல் வாசித்தது. அதற்கு வாசிப்பில் முதல் பரிசு கொடுக்கலாம், 'ழ' அவ்வளவு சுத்தம்.

பள்ளிக்கூடமே சிரித்தது. நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. பொன்னாடையைக் கழற்றி, நாலாக மடித்து, நாற்காலியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "ஆட்டுக்கு வாயில்ல, பேர மாத்துனாலும் கேட்காது. எனக்கு வாயிருந்துச்சு மாப்ளே, கேட்டேனே" என்றீர்கள். அவ்வளவுதான். என்னை 'ஏலே' என்று திட்டியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் அப்போதும் 'மாப்ளே' என்றுதான் கூப்பிட்டீர்கள். அதுதான் இன்னும் என் காதில் கிடக்கிறது. மாரிசெல்வி உங்கள் பின்னாலேயே எழுந்து வந்துவிட்டாள். அவள் செருப்பு மட்டும் என் நாற்காலிக்கு அடியில் கிடந்தது. அதை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்கள் ஊர் டீக்கடையில், "பெத்தணன், பொலிகிடா எத்தனை குட்டி போட்டுச்சு?" என்று கேட்கிறார்கள் என்றும், அதனால் நீங்கள் டீ குடிக்கவே போவதில்லை என்றும் கேள்விப்பட்டேன். இருபது வருஷமாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்து குடித்த டீ.

பரிகாரம் செய்யாமல் வெறும் மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை நான். முதலாவது, கடைகளில் இருந்து திரும்பி வந்த சார்ட்டுகளில் சரியான பேர்களைச் சின்னச் சீட்டாக அடித்து, நானே பசை தடவி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். வேலை நேரம் முடிந்து தினமும் இரண்டு மணி நேரம். பசைக்கு ஈ மொய்க்கிறது, பொறுத்துக்கொள்கிறேன். இரண்டாவது, கடிதத்தின் முக்கியமான சங்கதி இதுதான், தங்கள் மந்தைக்குச் சொந்தமாக ஒரு பொலிகிடா வாங்கிவிட்டேன். இனி இரவல் கிடா வேண்டாம். இந்தத் தடவை யாரையும் நம்பவில்லை, நானே சந்தைக்குப் போய், நானே பார்த்து, நானே பிடித்தது.

வயசைப் பல்லில் பார்க்க வேண்டும் என்று நீங்கள் சொன்னதை மறக்கவில்லை. பால் பல் இருந்தால் குட்டி, அது விழுந்து பெரிய பல் இரண்டு முளைத்திருந்தால் ஒன்றரை வயசுக்குள், நாலு இருந்தால் இரண்டு வயசு. முதலில் பிடித்த ஆட்டின் வாயைத் திறந்து பார்த்தால் மேல் தாடையில் ஒரு பல்கூட இல்லை. "கிழட்டு ஆட்டை வச்சு ஏமாத்தப் பாக்குறீரா?" என்று கத்திவிட்டேன். அடுத்த ஆட்டுக்கும் இல்லை, அதற்கடுத்ததற்கும் இல்லை. சந்தை முழுக்கப் பல் இல்லாத ஆடுகளாகக் கொண்டுவந்திருக்கிறார்களே என்று திகைத்து நின்றபோது, கருப்பணன் என்ற வியாபாரி தோளில் கை வைத்து, "அண்ணாச்சி, ஆட்டுக்கு மேல்வாயில முன்பல்லே கெடையாது. எந்த ஊர் நீங்க?" என்று கேட்டார். ஊரைச் சொல்லவில்லை. உங்களுக்கு இன்னொரு அவமானம் வேண்டாம் என்று, "மெட்ராஸ்" என்று சொல்லிவிட்டேன்.

அந்தக் கருப்பணன் தங்கமான மனுஷன். "கறிக்கா, வளர்ப்புக்கா?" என்றார். "மந்தை பெருகணும்" என்றேன். "அப்ப இதப் பிடிங்க, ஒரே வாரத்துல கைமேல பலன்" என்று ஒன்றைக் காட்டினார். நான் நேராக வாயைத்தான் திறந்தேன். கீழ்த்தாடையில் நாலு பல், நெல் அடுக்கின மாதிரி. கொம்பு இல்லை. ஆனால் கிடாவிலும் மொட்டைக் கிடா உண்டு என்று நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது, அதனால் ஏமாறவில்லை. வயிறு இரண்டு பக்கமும் கும்மென்று இருக்கிறது, நல்ல தீனி தின்ற உடம்பு. "பதமாக் கொண்டுபோங்க, வண்டியில குலுக்கிராதீக, வயித்துல எதுவும் இடிக்காமப் பாத்துக்கோங்க" என்று கருப்பணன் பிள்ளையைக் கட்டிக்கொடுக்கிற மாதிரி கண்கலங்கச் சொன்னார். விற்கிற கிடா மேல் இவ்வளவு பாசம் வைக்கிற வியாபாரியை நான் பார்த்ததில்லை.

இப்போது அது எங்கள் அச்சகத்துக் காகிதக் குடோனில் நிற்கிறது. திரும்பி வந்த சார்ட்டுகளில் பசை ஒட்டிக் கெட்டுப்போனவற்றை மெத்தையாக விரித்துக் கொடுத்திருக்கிறேன். இன்று மத்தியானத்திலிருந்து தீனி எடுக்கவில்லை. காலால் தரையைப் பறித்துப் பறித்து, வட்டம் சுற்றி, படுத்து எழுந்து, ஒரு மாதிரி முனகுகிறது. பொலிகிடாவுக்கு உரிய வீரம் அது என்று சுஃபியானிடம் விளக்கினேன். அவன் ஏதோ சொல்ல வந்தான். "ஆட்டைப் பற்றி எனக்கு இனிமேல் யாரும் சொல்ல வேண்டாம்" என்று அனுப்பிவிட்டேன். நாளைக் காலையில், உங்கள் ஊரிலிருந்து பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றி வந்துவிட்டுக் காலியாகத் திரும்புகிற பிரபாகரன் வேனில், இந்தக் கடிதத்தோடு கிடாவையும் ஏற்றி அனுப்புகிறேன். டீக்கடை வழியாகவே ஓட்டச் சொல்லியிருக்கிறேன். கேலி பேசினவர்கள் எல்லாரும் அந்தக் கிடாவைக் கண்ணால் பார்க்கட்டும்.

மாமா, கிடாவைப் பார்த்துவிட்டாவது எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். திட்டினாலும் சரி. மாரிசெல்வியை அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை, (இதை மட்டும் மெதுவாகப் படி) நீங்கள் பழையபடி அந்த டீக்கடைப் பெஞ்சில் போய் உட்கார்ந்தால் போதும். அத்தைக்கு என் நமஸ்காரம். நாய்க்கு என் விசாரிப்பு. தங்கள் மந்தை அறுபது ஆறாயிரமாகப் பெருக, மழை வேண்டிய மட்டும் பெய்ய, மேய்ச்சல் தரையெல்லாம் பச்சை பிடிக்க வேண்டுமென்று கும்பிட்டு, காலில் விழுந்து, எழுந்திருக்காமலே முடிக்கிறேன்.

தங்கள் மருமகன் என்று சொல்லிக்கொள்ள இன்னும் ஆசைப்படும்,
மணிமுத்து.

பின்குறிப்பு: விடிந்துவிட்டது. வேன் வாசலில் நிற்கிறது, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். மேலே 'கிடா' என்று நான் எழுதிய இடமெல்லாம் தப்பு. பிரபாகரன் ஏற்றுவதற்காகக் குடோனைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டு, "அண்ணே, ஒங்க பொலிகிடா ரெண்டு குட்டி போட்டிருக்கு" என்றான். நான் பல்லைத்தான் பார்த்தேன் மாமா, பின்னால் போய்ப் பார்க்கத் தோன்றவே இல்லை. என் சார்ட்டின் ஏழாவது கட்டத்தை உயிரோடு வாங்கி வந்திருக்கிறேன். டீக்கடையில் கேட்டார்களே, அவர்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது: இரண்டு. வேனை டீக்கடைப் பக்கம் போகவே கூடாது என்று சொல்லிவிட்டேன். ஆட்டையும் அனுப்பவில்லை, கடிதம் மட்டும் வருகிறது. தாய் குட்டிகளை நக்கிக்கொண்டிருக்கிறது, இரண்டும் உங்கள் படத்தின் மேலேயே எழுந்து நிற்கப் பார்க்கின்றன. ஒன்று ஒரு மாதிரியும் இன்னொன்று வேறு மாதிரியும் இருக்கிறது. அவற்றுக்கு என்ன பேர் என்று நான் சொல்ல மாட்டேன். இதே வேன் சாயங்காலம் ஆட்களை ஏற்ற மறுபடி இங்கே வரும். ஏறி வாருங்கள் மாமா. நீங்கள் பேர் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன். எழுதி முடித்ததும், எத்தனை பஸ் போனாலும் சரி, ஒவ்வொரு வரியையும் உங்களுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.